உடன் வசிப்பவர்: யாருமில்லை

மார்ச் 6, திங்கள்

தேறிவிட்டேன். பள்ளியில் கணக்கில் தேறியதில்லை, வங்கித் தேர்வில் தேறியதில்லை. இதில் தேறிவிட்டேன். நூறு பேர் விண்ணப்பித்தால் மூன்று பேர்தான் தேறுவார்களாம். "உங்க மலம் ரொம்ப நல்லா இருக்கு" என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல இருபத்தாறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நான் எதுவும் செய்யவில்லை. கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன்.

"ஆறு மாசத்துல வெளியூர் போனீங்களா?"

"இல்ல."

"புதுசா யார்கூடவாவது உறவு?"

"இல்ல."

"பழசு?"

"அதுவும் இல்ல."

"கல்யாணம், விருந்துன்னு வெளியில சாப்பிட்டீங்களா?"

"யாரும் கூப்பிடல."

"கூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல."

எழுதிக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கட்டத்தை நிரப்பினார். உடன் வசிப்பவர்: யாருமில்லை. "எங்களுக்கு இப்படி ஆளுதான் வேணும்" என்றார்.

பேருந்தில் வரும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அது பாராட்டுதானா என்று யோசித்தேன்.

மார்ச் 7, செவ்வாய்

112 கிராம். நல்ல ஆரம்பமாம்.

மார்ச் 11, சனி

விதிகளை ஒரு முறை எழுதி வைக்கிறேன், மறக்காமல் இருக்க. அறுபது நாள். ஞாயிறு தவிர தினமும் காலை எட்டு மணிக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அங்கேயே, அவர்கள் கொடுக்கும் டப்பாவில். பிறகு பத்துக் கேள்வி கொண்ட படிவம்: காய்ச்சல் உண்டா, புது மாத்திரை ஏதாவது, கூட இருப்பவர் யாருக்காவது வயிற்றுப்போக்கு உண்டா. எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக் கையெழுத்து. பேருந்துக் கட்டணமும் ஒரு டீயும் தருகிறார்கள். அவ்வளவுதான். தானம் என்றால் தானம்.

நான் கொடுப்பதை உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, உறையவைத்து, 'கொடையாளர் 7' என்று சீட்டு ஒட்டி அடுக்குகிறார்கள். உடனே யாருக்கும் போகாது. அறுபது நாள் முடிந்து எனக்கு மறுபடி எல்லாச் சோதனையும் செய்து, சுத்தம் என்று வந்தால்தான் பூட்டைத் திறப்பார்கள்.

யாருக்குப் போகிறது என்று, தினமும் டப்பா கொடுத்து வாங்கும் லேப் அக்காவிடம் கேட்டேன். (அவர் பெயர் சட்டையில் இருக்கிறது. நான் அக்கா என்றே கூப்பிடுகிறேன்.)

"பஸ்ஸுன்னு வச்சுக்குங்க. எல்லா சீட்லயும் ஒழுங்கான ஆளுங்க உக்காந்திருக்காங்க. நடுவுல ஒரு ரவுடி ஏறினா அவனுக்கு எடம் இருக்காது, ஓரமா நிப்பான். நீங்க பல்வலி, சளின்னு கிருமி மருந்து சாப்பிடறீங்க. அது நல்லவன் கெட்டவன் பாக்காம எல்லாரையும் எறக்கி விட்டுடும். ரவுடி மட்டும் சீட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்குவான். அப்புறம் பஸ்ஸே அவனோடது."

"ரவுடிக்கு மருந்து இல்லையா?"

"இருக்கு. குடுத்தா அடங்குவான். ஆனா அவன் வெத போட்டுட்டுப் போயிடுவான். மருந்து நிறுத்தின ரெண்டு மூணு வாரத்துல திரும்ப மொளைப்பான். சில பேருக்கு நாலு தரம், அஞ்சு தரம். ஒரு நாளைக்கு இருபது முறை போவாங்க. செத்தும் போவாங்க. நாம என்ன பண்றோம்னா, ஒரு பஸ் நிறைய நல்ல ஆளுங்களைக் கொண்டுவந்து மொத்தமா ஏத்தி விட்டுடறோம். பத்துல எட்டொன்பது பேருக்கு அதோட சரியாயிடுது."

ரவுடியின் பெயரைச் சொன்னார். சுருக்கமாக சி-டிஃப். சுவரில் படம்கூட இருக்கிறது.

"நடுவுல எது நடந்தாலும் சொல்லிடணும். மறைச்சா பாழ். பாழ்னா டப்பா இல்ல, ஆளு."

கீசர் கம்பெனிக்குப் புகார் போன் எடுக்கிற என் வேலையிடத்தில் கழிப்பறைக்கு ஏழு நிமிடம். நாற்காலியை விட்டு எழுந்தால் திரையில் சிவப்பு எரியும். வெந்நீர் வராதவர்கள், அதிகமாக வந்து சுட்டுக்கொண்டவர்கள், நாளுக்குத் தொண்ணூறு பேர் என் காதில் கத்துவார்கள். ஒருவரும் என் பெயரைக் கேட்டதில்லை. டீம் லீடர், "உனக்கு வயிறா இல்ல கிணறா?" என்பான். மறுநாள் காலை அதே வயிற்றுக்காக ஒருவர் டப்பாவோடு வாசலில் காத்திருக்கிறார். என் உழைப்பைவிடக் கழிவுக்கு மரியாதை அதிகம். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

அம்மா போன் செய்தார். தானம் பற்றிச் சொன்னேன். "ரத்தமா? நீயே ஒல்லிப்பிச்சான்" என்றார். "ரத்தம் மாதிரி" என்றேன். இரண்டு நிமிடத்தில் அண்ணன் குழந்தை அழ, வைத்துவிட்டார்.

மாடியில் மூன்று அறை, பொதுவாக ஒரு கழிப்பறை. ஒன்றில் நான். ஒன்று பூட்டிக்கிடக்கிறது. நடு அறையில் 'டவர்'. ஆறடி மூன்று அங்குலம், கடைவளாகத்தின் வண்டி நிறுத்தத்தில் காவல் வேலை, பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே. நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் இங்கே வந்து எட்டு மாதமாகிறது, பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது.

இன்று மாடிப்படியில் கன்னம் வீங்கி நின்றார். பல் பிடுங்கினார்களாம். கையில் மாத்திரை அட்டை.

"இந்தா தம்பி, பழம். ஒரு சீப்பு வாங்கிட்டேன், வாயே தெறக்க முடியல."

"வேணாம்ணே. கட்டுப்பாட்டுல இருக்கேன்."

"பழத்துக்குமா? என்ன வியாதி?"

"வியாதி இல்ல. வியாதி வராம இருக்க."

"நல்லதுப்பா. கண்ணாடிப் பெட்டியில போய்ப் படுத்துக்க" என்று வீங்கிய வாயால் சிரித்தார்.

மார்ச் 28, செவ்வாய்

டவருக்கு வயிறு சரியில்லை. இன்று மாலை மட்டும் ஏழு முறை கதவு. சுவர் அட்டை போல இருக்கிறது, எல்லாம் கேட்கிறது. செல்லில் செய்தியைச் சத்தமாக வைத்தேன்.

அலுவலகத்திலிருந்து சானிடைசர் ஒரு பாட்டில் எடுத்து வந்தேன். குழாய், தாழ்ப்பாள், இருக்கை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் போகிறேன். முடிந்தவரை ஆய்வகத்திலேயே.

ஏப்ரல் 2, ஞாயிறு

கீழிருந்து வீட்டுக்காரம்மா மேலே வந்து கழிப்பறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினார். 'சுத்தம் இல்லாதவர்கள் காலி செய்யலாம்.' டவர் அறைக்குள்ளேயே இருந்தார். எனக்குக் கேட்டது அவருக்கும் கேட்டிருக்கும்:

"நீங்க ஒழுங்கான புள்ள. உங்களுக்குச் சொல்லல. ஆளப் பாத்தா தெரியாதா?"

எதிர்த்து ஏதாவது சொல்லியிருக்கலாம். ஊரில் நடக்கும் எல்லா அநியாயத்துக்கும் மனதுக்குள் பேசுகிறவன் நான். "சரிங்கம்மா" என்றேன்.

ஏப்ரல் 3, திங்கள்

கேள்வி ஆறு: உடன் வசிப்பவர் யாருக்காவது வயிற்றுப்போக்கு? பேனா கொஞ்சம் நின்றது. அவர் எனக்கு யார்? பக்கத்து அறை. நான் தனியாள் என்று முதல் நாளே எழுதியிருக்கிறதே. இல்லை. கையெழுத்து. டீ.

ஏப்ரல் 10, திங்கள்

அடுத்த அறை அமைதி. ஏதோ ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்களாம், நின்றுவிட்டதாம். இளைத்துப் போயிருக்கிறார். சீருடை கொடியில் காய்வது போல உடம்பில் தொங்குகிறது.

அப்பாடா என்று இருந்தது. அவருக்காகவா எனக்காகவா என்று கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்கிறேன். எனக்காகத்தான்.

ஏப்ரல் 15, சனி

146 கிராம். "சாதனை" என்றார் லேப் அக்கா. பட்டியலில் காத்திருப்பவர்கள் ஐந்து பேராம். அதில் ஒருவர் பேருந்து ஓட்டுநர், ஐந்து மாதமாக வண்டி எடுக்கவில்லை. "நம்ம பஸ்ஸு வந்தாத்தான் அவரு பஸ்ஸு ஓடும்" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். இன்று முழுவதும் வேறு யாரிடமும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 21, வெள்ளி

மறுபடி ஆரம்பித்துவிட்டது. நேற்றிலிருந்து. இந்தத் தடவை மோசம். கதவு வரை போகிற சத்தம்கூட இல்லை, அறைக்குள்ளேயே வாளி.

ஏழரை மணிக்குச் சுவரில் இரண்டு தட்டு. பிறகு கொஞ்ச நேரம் கழித்து இன்னும் இரண்டு.

நாற்பது நாள் கொடுத்தாகிவிட்டது. ஓட்டுநர் காத்திருக்கிறார். நான் உள்ளே போனால் எல்லாம் போச்சு. இது சுயநலம் இல்லை, ஐந்து பேருக்காக.

செய்தியைச் சத்தமாக வைத்தேன்.

ஏப்ரல் 22, சனி

ஆறு மணிக்கு ஆய்வகத்துக்குக் கிளம்பி, அவர் கதவைத் தாண்டினேன். நாற்றம் நடையில் நின்றுகொண்டிருந்தது. குதிரைச் சாணத்தைச் சர்க்கரைப் பாகில் போட்டது போல. இதுவரை அறியாத நாற்றம். கதவு தாழிடாமல் இருந்தது.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தார். அவ்வளவு உயரமான ஆள் மடங்கிக் கிடந்தால் யாரோ குடையை மடக்கிப் போட்டது போல இருந்தது. கண் திறந்திருந்தது.

"எப்பண்ணே விழுந்தீங்க?"

"உன் ரூம்ல எட்டு மணிச் செய்தி போச்சு. அப்ப."

பத்து மணி நேரம். ஒரு சுவர்.

வேட்டியை மாற்றினேன், துடைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். "தொடாதப்பா, நீ கட்டுப்பாட்டுல இருக்கறவன்" என்று நாக்கு ஒட்டிப்போன வாயால் சொன்னார். கிண்டலா? தெரியவில்லை. கீழே இறக்கும்போது வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார். ஆட்டோக்காரர் முதலில் மாட்டேன் என்றார். நான் கத்திய கத்தில் ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் வரிசை. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சுவரில் இருந்த சானிடைசரை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நர்ஸ் பார்த்துவிட்டு, "எவ்ளோ தேச்சாலும் இதுக்கு அது சாகாது சார். சோப்பு போட்டு நல்லாத் தண்ணியில கழுவணும். எடத்தைப் பிளீச்சிங் போட்டுத் துடைக்கணும்" என்றார்.

எது சாகாது?

டாக்டர் தாளில் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன். சுவரில் படமாக இருந்த அதே பெயர். பல்லுக்குச் சாப்பிட்ட மாத்திரையில் ஆரம்பித்திருக்கிறது. ஏழு வாரமாக நான் எந்த ரவுடிக்கு எதிராகத் தினமும் பேருந்து ஏறினேனோ, அவன் என் பக்கத்து அறையில் நாலு வாரமாக உட்கார்ந்திருக்கிறான். நான் சானிடைசரால் துடைத்துத் துடைத்து அதே குழாயைத் திறந்திருக்கிறேன்.

ஏப்ரல் 24, திங்கள்

ஆய்வகத்துக்குப் போனேன். கேள்வி ஆறு. இல்லை. கையெழுத்து. 98 கிராம்.

"முகம் ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டீங்களா?" என்றார் லேப் அக்கா. இந்த ஊரில் நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஒரே ஒருவர்.

ஏன் செய்தேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத ஒன்றும் இல்லை. அந்த டீயை விட முடியவில்லை. அவ்வளவுதான், அவ்வளவு கேவலமானதுதான்.

ஏப்ரல் 25, செவ்வாய்

சொல்லிவிட்டேன். டப்பாவைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே.

"எந்தத் தேதியிலேருந்து தொடர்பு?" படிவத்தை எடுத்துக்கொண்டார். குரலில் ஒன்றும் இல்லை.

"இருபத்திரெண்டு. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"அப்ப நேத்து குடுத்தது ஒண்ணுதான் போகும். மத்தது..."

ஒன்றுதான் போகும். அங்கேயே நிறுத்தியிருந்தால் அவ்வளவோடு முடிந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. நல்லவன் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். அண்டை அறை நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்.

"மார்ச் இருபத்தெட்டு" என்றேன்.

"என்னது?"

"அன்னைக்கே ஆரம்பிச்சுது அவருக்கு. ஒரே கக்கூஸ். எனக்குக் கேட்டுச்சு. தெனமும் கேட்டுச்சு. நான் தெனமும் இல்லைன்னு போட்டேன்."

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்னறைக்குப் போய் ஒரு தட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, என் கண்முன்னாலேயே ஒவ்வொரு டப்பாவிலும் சிவப்புச் சீட்டு ஒட்டினார். எண்ணினேன். இருபத்துமூன்று. மார்ச் 27 வரை கொடுத்த பதினெட்டு மட்டும் தனியாக நின்றது. அவற்றுக்கும் உத்தரவாதம் இல்லை. நாலு வாரம் கழித்து எனக்குச் சோதனை. நான் கிருமி சுமக்கிறேன் என்று வந்தால் அவையும் குப்பை.

"நாங்க ரத்தத்தைச் சோதிக்கலாம், மலத்தைச் சோதிக்கலாம். ஆள் சொல்ற வார்த்தையைச் சோதிக்க மெஷின் கெடையாதுப்பா. அதுலதான் எல்லாமே நிக்குது." முதல் முறையாக 'ப்பா' என்றார். "கொடையாளர் ஏழு இனிமே கெடையாது. சோதனைக்கு மட்டும் வாங்க."

டீ கொடுக்கவில்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

ஏப்ரல் 26, புதன்

காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. போக இடமில்லை.

மே 3, புதன்

டவர் திரும்பி வந்துவிட்டார், இன்னும் பத்து நாள் மாத்திரையோடு. வேலை போய்விட்டது. ஏஜென்சி மேற்பார்வையாளருக்கு நான்தான் போன் செய்தேன். "பன்னெண்டு மணி நேரத்துல ரெண்டு தடவைதான் கழிப்பறை. இவரு இருபது தடவை போறாருன்னா நாங்க கேட்டுக்குக் காவல் போடறதா, கக்கூஸுக்குக் காவல் போடறதா?" என்று சிரித்தான். அவனுக்குச் சொன்ன வார்த்தைகளை எழுத இந்தத் தாள் தாங்காது.

தொண்ணூறு பேருடைய கோபத்தைத் தினமும் வாங்குகிறவன், முதல் முறையாகக் கோபத்தை வெளியே அனுப்பினேன். ஒன்றும் மாறவில்லை. ஆனாலும்.

கழிப்பறையைக் காலையும் மாலையும் பிளீச்சிங் போட்டுத் தேய்க்கிறேன். கதவில் இருந்த தாளைக் கிழித்தேன். வீட்டுக்காரம்மா ஏன் என்று கேட்டார். "சுத்தமாத்தான் இருக்கு, வந்து பாருங்க" என்றேன். அவர் வந்து பார்க்கவில்லை, காலி செய் என்றும் சொல்லவில்லை.

மே 16, செவ்வாய்

மூன்றாவது முறை. மாத்திரை முடிந்து நாலாவது நாள்.

டாக்டர் இன்று மாற்றுச் சிகிச்சை பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பியதும் டவர் மாடிப்படியில் நின்றார்.

"அடுத்தவன் பீயையா? என் வயித்துக்குள்ளயா? அந்த டாக்டருக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சா?"

"மருந்துண்ணே அது."

"உனக்கென்ன தெரியும்?"

சொன்னேன். நான் யார், தினமும் காலையில் எங்கே போனேன் என்று. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நீயா? நான் ஏதோ பொண்ணு விவகாரம்னு நெனச்சேன்டா. அவ்ளோ அவசரமா ஓடுவ!" பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் எழுந்து ஓட வேண்டியதாயிற்று. கதவுக்கு உள்ளிருந்து குரல் வந்தது: "இத்தன நாளா ஒரே கக்கூஸ்! எவ்ளோ வீணாப் போச்சு பாரு!"

மே 18, வியாழன்

கையிருப்பு இல்லையாம். ஆய்வகத்தில் மற்றக் கொடையாளர்களின் நல்ல டப்பா எல்லாம் காத்திருந்தவர்களுக்குப் போய்விட்டது. "ஒரு கொடையாளரோட சோதனை முடிவு வரணும். இல்லைன்னா வேற ஊர் வங்கியிலேருந்து வரணும்" என்று டாக்டர் சொன்னார். யாருடைய சோதனை என்று அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். இருபத்துமூன்று டப்பா என்று சொல்லிப் பார்த்தேன். முதல் வாரமே ஒழுங்காக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறொரு கொடையாளரை அப்போதே எடுத்திருப்பார்கள்.

டவர் ஐம்பத்திரண்டு கிலோ.

மே 24, புதன்

இரத்தமும் மலமும் கொடுத்தேன். லேப் அக்கா வாங்கிக்கொண்டார். முடிவு ஒரு வாரத்தில்.

மாலை டவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். போய்விடலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். பிறகு சொன்னேன். எல்லாவற்றையும்: மார்ச் 28 முதல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், சுவரில் தட்டியதும் கேட்டது, உங்களுக்கு மருந்து தாமதமாவதும் என்னால்தான்.

கஞ்சியைக் குடித்து முடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"தெரியும்."

"எது?"

"கேக்குதுன்னு. நான் ஒவ்வொரு தரம் எழுந்திரிக்கும்போதும் உன் செய்திச் சத்தம் ஏறும். அதை வச்சே எத்தனாவது தடவைன்னு எண்ணுவேன்."

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். "எனக்கு இப்ப அது வேணாம். வாளியைக் கொண்டா" என்றார். கொண்டுவந்தேன்.

மே 31, புதன்

சுத்தம். நான் கிருமி சுமக்கவில்லை. லேப் அக்கா போனில் நாலே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

வேலையிடத்தில் எழுந்து நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. திரை சிவப்பு. "எங்கடா போற?" என்றான் டீம் லீடர். எங்கும் போகவில்லை. சும்மா நின்றேன்.

ஜூன் 5, திங்கள்

நாளைக்கு. வேறு ஊர் வங்கியிலிருந்தும் நேற்று பெட்டி வந்திருக்கிறதாம். எதைப் போடப்போகிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள், அது விதி. கேட்கவும் இல்லை. எனக்கு இனி விதி விதிதான்.

குடலைச் சுத்தம் செய்ய நாலு லிட்டர் மருந்துத் தண்ணீர். "போறதுக்கு மருந்து சாப்பிட வந்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்" என்றார் டவர்.

ஜூன் 6, செவ்வாய்

விடுப்புத் தரவில்லை. எடுத்துக்கொண்டேன்.

படிவம் நிரப்பிய நர்ஸ், "நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?" என்றார்.

"பக்கத்து ரூம்."

ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். உறவு என்ற கட்டத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்: பக்கத்து ரூம்.

குழாய் வழியாக உள்ளே விட்டார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் ஏழு வாரம் பேருந்தேறியதும் பொய் சொன்னதும் எல்லாம் இந்த அரை மணி நேரத்துக்குத்தான். பிறகு நாலு மணி நேரம் அடக்கிப் படுத்திருக்க வேண்டும். "பன்னெண்டு மணி நேரம் அடக்கின சர்வீஸ் எனக்கு" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

ஜூன் 7, புதன்

மூன்று முறை.

ஜூன் 9, வெள்ளி

ஒரு முறை. கட்டியாக. கதவைத் திறந்து நடை முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தார். கீழே வீட்டுக்காரம்மா "ராமா" என்றது கேட்டது.

ஜூன் 18, ஞாயிறு

ஐம்பத்தாறு கிலோ. இன்னும் மூன்று வாரம் தாண்ட வேண்டும், அதுவரை எதுவும் நிச்சயமில்லை என்கிறார் டாக்டர். டவருக்கு நிச்சயம். அது என்னுடையதுதான் என்பதிலும் நிச்சயம்.

"வேற யாரோடதாவும் இருக்கலாம்ணே."

"இல்ல. உன்னோடதுதான். நேத்து அந்த ஏஜென்சிக்காரன்கிட்ட நியாயம் கேட்கப் போனேன், நாற்காலியைத் தூக்கிட்டேன். எனக்கு இப்படிக் கோவம் வந்ததே இல்ல. வயித்துக்குள்ள உக்காந்து நீ கத்துற."

நாற்காலியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அதிலேயே உட்கார்ந்துகொண்டு, கணக்கு முடித்துக் கொடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாராம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். "பதினோரு வருஷத்துல அந்த ஆபீஸ்ல நான் உக்காந்தது நேத்துதான்."

ஜூன் 24, சனி

ஆய்வகத் தெரு வழியாகப் போனேன். வேலை எதுவும் இல்லை, சும்மா. வாசலில் ஒரு பையன், என் வயது, கையில் படிவம். டீ குடித்துக்கொண்டிருந்தான். லேப் அக்கா கண்ணாடிக்கு உள்ளே இருந்து என்னைப் பார்த்தார். தலையாட்டினார். நானும். நிற்கவில்லை.

அந்தப் பையனிடம் ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல் என்று. சொல்லவில்லை. பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

ஜூலை 9, ஞாயிறு

ஐந்து வாரம் ஆகப்போகிறது. வரவில்லை. ரவுடி வரவில்லை.

மாலை ஏழரைக்குச் சுவரில் இரண்டு தட்டு. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். டவர் கட்டிலில் சாய்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே? என்ன ஆச்சு? என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மாத்தான் தட்டினேன்."